ஐந்து வேட்டியும் ஒரு கொடியும்

“குருவே, இந்த மரமண்டைகளோட என்னால முடியல” என்றார் நீலமேகம்.

குரு காதைத் தொட்டுக் காட்டினார். கேட்கவில்லை என்று அர்த்தம். மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது.

“மரமண்டைங்க!” என்று கத்தினார் நீலமேகம். “முடியல!”

வரிசையில் நின்ற நாலு பெண்கள் திரும்பி முறைத்தார்கள்.

குருவின் பெயர் கைருன்னிசா. மணப்பாறையில் மில் நடத்துகிறவர். வயது நாற்பத்திரண்டுதான். புருவத்தில் மாவு படிந்து எழுபது போலத் தெரிவார். கணக்கில் பட்டம் வாங்கியவர். நீலமேகத்தோடு பாலிடெக்னிக்கில் படித்த ஒருவரின் தங்கை.

பழைய வகுப்புத் தோழர்கள் பத்துப் பேர் சேர்ந்து ‘முடிச்சு’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். புதிர் போட ஆள் வேண்டும் என்று கைருன்னிசாவை உள்ளே இழுத்தார்கள். மூன்றாம் நாளே குரு என்று பட்டம் கட்டிவிட்டார்கள்.

மில் நின்றது.

“இப்ப சொல்லுங்கண்ணே.”

“காலையில ஆறு மணிக்கு நீங்க புதிர் போடறீங்க. ஆறு நாலுக்கு நான் விடை போடறேன். அதோட சரி. மறுநாள் வரைக்கும் ஒருத்தனும் வாயைத் திறக்கறதில்ல. முன்னாடியெல்லாம் என்னமா அடிச்சுக்குவாங்க!”

“யாரு?”

“எல்லாருந்தான். முக்கியமா சவரி.”

சவரிமுத்து மூன்று வருடம் நீலமேகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர். இப்போது மஸ்கட்டில், ஒரு கம்பெனி முகாமில், ஓர் அறையில் ஆறு பேரோடு இருக்கிறார். நீலமேகம் மனைவியிடம் சொல்லாததைக்கூட சவரியிடம் சொல்லியிருக்கிறார். தொலைபேசி இலாகாவிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கலாமா என்று ஒரு மாதம் குழம்பியபோது தினமும் காது கொடுத்தவர் சவரிதான்.

நாலு மாதமாக அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. கூப்பிட்டால் எடுப்பதில்லை. ‘கோபமா?’ என்று கேட்டு அனுப்பினால் இரண்டு நீல டிக் விழும். அவ்வளவுதான்.

“அவன் ஏன் பேசலன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க” என்றார் நீலமேகம். “உங்களுக்குத் தெரியாத புதிரா?”

“கடைசியா அவர் குழுவுல என்ன எழுதினார்?”

நீலமேகம் போனைத் தடவித் தடவி மேலே போனார். “‘இருங்கடா, யோசிச்சுக்கிட்டிருக்கேன்’னு எழுதியிருக்கான்.”

“அதுக்கு நீங்க?”

“விடையைப் போட்டேன். கீழே ‘இதுக்குப் போயா இவ்வளவு நேரம்’னு ஒரு வரி. சும்மா, தமாஷுக்கு.”

குரு சுவிட்சைப் போட்டார். மில் அலறியது.

நீலமேகம் வாயசைத்துக்கொண்டே நின்றார். தான் பேசுவது அவருக்கே கேட்கவில்லை.

கோதுமை டின் காலியான பிறகு குரு சொன்னார்: “ஒரு வாரம் விடை போடாதீங்க. அடுத்த தடவை வரும்போது கையில ஏதாவது கொண்டு வாங்க. சும்மா வந்து வரிசையில நின்னா மத்தவங்க சத்தம் போடறாங்க.”

*

ஒரு வாரம் கழித்து இரண்டு கிலோ கோதுமையோடு வந்தார்.

“ஒரு விடைகூடப் போடல குருவே. ஒண்ணுகூட! சவரி வந்தானா? இல்ல. இன்னொருத்தன் குழுவை விட்டே போயிட்டான்.”

குரு தன் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

திங்கள், ஆறு மணி மூன்று நிமிடம்: ‘கண்டுபிடிச்சாச்சு. குரு உத்தரவு, சொல்ல மாட்டேன்.’

செவ்வாய், ஆறு மணி இரண்டு நிமிடம்: ‘இன்னிக்கும் ஆச்சு. இன்னும் யாரும் இல்லையா?’

புதன்கிழமை வெறும் கட்டைவிரல்.

“இதெல்லாம் என்னண்ணே?”

“இது விடை இல்லையே. தகவல்.”

குரு நெற்றியில் அடித்துக்கொண்டார். ஐந்து விரலும் மாவாகப் பதிந்தன. அதைத் துடைக்காமலே அவர் கோதுமையை அரைத்துக் கொடுத்தார்.

“சரி. ஒரே ஒரு தடவை தப்பா போடுங்க.”

“தெரிஞ்சுக்கிட்டேவா?”

“ம்.”

“முப்பது வருஷம் வேலை பார்த்திருக்கேன். ஒரு இணைப்பைத் தப்பா கொடுத்ததில்ல.”

“அதனாலதான் சொல்றேன்.”

மறுநாள் புதிருக்கு விடை பதினெட்டு. நீலமேகம் ‘பதினேழு’ என்று தட்டினார். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்தார். குழுவில் சத்தமே இல்லை. ஒருவேளை உண்மையிலேயே எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டால்?

நாற்பது விநாடிகூட ஆகியிருக்காது. கீழே சேர்த்தார்: ‘வேண்டுமென்றேதான் போட்டேன். சரியான விடை 18.’

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்குப் புதிர் வந்தது.

‘ஒரு வேட்டி வெயிலில் காய ஒரு மணி நேரம் ஆகும்.
கொடியில் ஒரு சமயத்தில் இரண்டு வேட்டிக்குத்தான் இடம்.
ஐந்து வேட்டிகள் காய எவ்வளவு நேரம்?’

நீலமேகத்துக்குச் சிரிப்பு வந்தது. வேட்டிப் புதிர்! நாலாம் வகுப்பிலேயே கேட்டது. ஐந்து வேட்டிக்கு ஐந்து மணி நேரம் என்று அப்பாவிகள் சொல்வார்கள். எல்லாம் ஒன்றாகத்தானே காயும்?

பதினோரு விநாடியில் போட்டார்: ‘ஒரு மணி நேரம். என்ன குருவே, சரக்கு தீர்ந்துபோச்சா?’

போனைக் கவிழ்த்து வைக்கப் போனார். அதிர்ந்தது.

சவரி: ‘டேய் நீலம், நடுவுல ஒரு வரி இருக்கு பாரு.’

நாலு மாதத்துக்குப் பிறகு வந்த வார்த்தை. ஆனால் நீலமேகத்தின் கண்ணில் பட்டது அது அல்ல. தன்னைத் தப்பு என்கிறான் என்பதுதான் பட்டது.

‘வெயில் எல்லா வேட்டிக்கும் பொது. ஒரு மணி நேரம்தான்’ என்று எழுதினார்.

சவரி: ‘வெயில் பொதுடா. கொடியில ரெண்டுக்குத்தானே இடம்? மூணாவதை உன் தலையில போடறதா?’

இன்னொருவர்: ‘நீலம் தலை வழுக்கை. சீக்கிரம் காயும்.’

‘மூணு மணி நேரம் ஆகும்’ என்றார் சவரி. ‘ரெண்டு, ரெண்டு, ஒண்ணு.’

‘ரெண்டரையே போதும்’ என்றார் குப்புராஜ். அவரும் வாயைத் திறந்து மாதங்கள் ஆகியிருந்தன.

‘எப்படிடா ரெண்டரை?’

‘மொட்டை மாடிச் சுவர் மேல போட்டா என்ன?’ என்று வேறொருவர் நடுவில் நுழைந்தார்.

‘சுவர் புதிர்ல இல்லடா பரதேசி.’

‘இது பழைய புதிர்! எனக்குத் தெரியும்! ஒரு மணி நேரம்!’ என்று நீலமேகம் ஏழு தடவை எழுதினார். ஒருவரும் நிற்கவில்லை. எட்டரை மணிக்குள் நூற்று நாற்பது செய்திகள்.

எட்டரைக்குத்தான் மேலே போய்ப் புதிரை ஒருமுறை முழுதாகப் படித்தார்.

பிறகு குழுவிலிருந்து வெளியேறினார். பேருந்து பிடித்தார்.

*

“என்னைக் கோமாளி ஆக்கிட்டீங்க!”

மில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

“வேணும்னே நடுவுல ஒளிச்சு வெச்சீங்க.”

“மொத்தமே மூணு வரிண்ணே. அதுல எங்க ஒளிக்கறது?”

“அத்தனை பேரும் சேர்ந்து என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க!”

“கொடியிலயா?”

மிளகாய் வைத்திருந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“சிரிங்க. நல்லா சிரிங்க. குழுவை விட்டு வந்துட்டேன். இனிமே புதிரும் வேணாம், பொரியும் வேணாம். அந்தப் பயலுக எனக்கே பாடம் எடுப்பானுங்களா? இவ்வளவு நாள் வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தானுங்க? இன்னிக்குத்தான் வந்து…”

“முதல்ல வந்தது யாரு?”

“சவரி. அவன்தான் ஆரம்பிச்சான். அவன்தான்…”

நீலமேகம் நிறுத்தினார்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். திரையில் சவரியின் பெயர்.

எடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“சிரிப்பான்” என்றார்.

“சிரிப்பார்” என்றார் குரு.

“ஏழு தடவை எழுதினேன். ஏழு தடவை! விடவே மாட்டான்.”

குரு சுவிட்சை அணைத்தார். பெல்ட் மெல்ல ஓய்ந்து நின்றது.

“என்னக்கா, என் மிளகாயைப் பாதியில நிறுத்திட்டே?” என்றார் அந்த அம்மாள்.

குரு ஒரு கையை உயர்த்தினார். மற்றொரு கை சுவிட்சிலேயே இருந்தது.

நீலமேகம் போனைக் காதில் வைத்தார்.

“டேய் நீலம்! தோத்துட்டா ஓடிப்போயிடுவியாடா?” சவரி சிரித்த சிரிப்பு வரிசையின் கடைசி ஆள் வரை கேட்டது. “வெயில் பொதுவாம்! எங்க ரூம்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன். மலையாளத்தான் ஒருத்தன் இருக்கான், விழுந்து புரண்டு சிரிக்கறான்.”

“சொல்லு” என்றார் நீலமேகம்.

“சரி, அது கிடக்கட்டும். இந்தக் குப்பு ரெண்டரை மணி நேரம்ங்கறான். எப்படின்னு சொல்லித் தொலைக்க மாட்டேங்கறான். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, லீவு. துவைச்ச லுங்கியை வெச்சு நானே செஞ்சு பாத்துக்கிட்டிருக்கேன். பால்கனியில நிக்கறேன். கேளு. முதல் ரெண்டு காய்ஞ்சு எடுத்தாச்சு. அடுத்த ரெண்டைப் போட்டேன். அதுல ஒண்ணைப் பாதி ஈரத்தோட எடுத்துட்டா என்னன்னு திடீர்னு தோணுச்சு…”

பாதி ஈரம். அது போதுமாயிருந்தது. நீலமேகத்தின் தலைக்குள் மிச்சமிருந்த மூன்று வேட்டிகளும் தாமாகவே கொடியில் ஏறி இறங்கின. அரை மணிக்கு ஒருமுறை மாற்றிப் போட்டால் மூன்றுக்கும் சேர்த்து ஒன்றரை. முன்னால் ஒன்று. ஆக மொத்தம் இரண்டரை. சொல்ல இரண்டு விநாடி ஆகாது.

நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டி நின்றது.

வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். குரு நீலமேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேக்கறியாடா?” என்றார் சவரி.

நீலமேகம் பல்லைக் கடித்தார். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார்.

“அப்புறம்?” என்றார்.