ஒரு பானைக்கு மட்டும் நெருப்பு

மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மேல்கோடியில் மூன்று வீடுகள் மட்டும் தனியாக இருந்தன. மூன்றுக்கும் பொதுவாக ஒரு சாண எரிவாயுக் குழி உண்டு. சாணத்தைக் கரைத்து ஊற்றினால் அது உள்ளே புளித்து வாயுவாகும். வாயு சேரச் சேர, குழியின் மேல் கவிழ்த்திருக்கும் இரும்பு டிரம் உயரும், செலவாகும்போது இறங்கும். ஆனால் இன்று ஊற்றிய சாணம் இன்றே எரியாது. அடுப்புக்கு வர ஒரு மாதமாவது ஆகும். கதையின் கடைசியில் வரும் கேள்விக்கு விடை தேடுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

வாயுக் குழாயின் சாவி தோட்டக் காவலர் வேலுச்சாமியிடம் இருந்தது. குழி தோண்டிய நாளில், "இதில் சேர்ந்த யார் வீட்டு அடுப்பும் அணையாது, நான் பொறுப்பு" என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

தொடக்கம் முதல் சாணம் தந்தது முதல் வீட்டு முத்துராக்குவின் பசு. சென்ற வாரம் அது சரிவில் வழுக்கி விழுந்து செத்துப்போனது. இப்போது சாணம் தருவது இரண்டாம் வீட்டுத் தெய்வானை புதிதாக வாங்கிய பசு. மூன்றாம் வீட்டுச் சவரியம்மாளுக்கு மாடு கிடையாது. ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்துவந்து, சாணத்தைக் கரைத்து ஊற்றுவது எப்போதும் அவள் வேலை.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. மலைப்பாதை சரிந்ததால் சிலிண்டர் வண்டி வரவில்லை. மின்சாரமும் போனது. விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. குளிரில் சாணம் சரியாகப் புளிக்காமல், டிரம் குழிக்குள் இறங்கிவிட்டது. வேலுச்சாமி டிரம்மை அழுத்திப் பார்த்தார். ஒரு சின்னப் பானை கொதிக்கும் அளவுக்குத்தான் வாயு மிச்சம்.

மூவரும் வந்து நின்றார்கள்.

"எங்க வீட்டுக்காரரு நனைஞ்சு நடுங்கிக்கிட்டுக் கெடக்காரு. ரெண்டு நாளா சுடுகஞ்சி இல்ல. உள்ள இருக்கறது என் மாடு போட்டதுண்ணே, எனக்குத் திறங்க" என்றாள் முத்துராக்கு.

"செத்த மாட்டுக்கும் பங்கா அக்கா?" என்றாள் தெய்வானை. "என் பசு குளிருல எரையெடுக்க மாட்டேங்குது. கொள்ளு வேகவச்சு சூடாக் குடுத்தாத்தான் எந்திரிக்கும். அதுவும் படுத்துட்டா அடுத்த மாசம் எதை எரிப்பீங்க?"

சவரியம்மாள் இடுப்பில் இருந்த மகனின் நெற்றியைத் தொட்டாள். "புள்ளைக்குக் காய்ச்சல்ணே. பச்சத்தண்ணி குடிச்சா வாந்தி எடுக்கறான், சுடுகஞ்சிதான் வேணும். மாடு யாருதா இருந்தாலும் கரைச்சு ஊத்துனது நான்தானே?"

"சிலிண்டருன்னா யாரு மாடு போட்டதுன்னு சண்டையே இல்ல" என்று தெய்வானை முணுமுணுத்தாள்.

"மூணையும் ஒரே பானையில போட்டுட்டா?" என்று வேலுச்சாமி இழுத்தார்.

"பசுவையும் பந்தியில உக்கார வைக்கப் போறீங்களா?" என்றாள் முத்துராக்கு. அந்தப் பானையை மூன்றாகப் பிரித்தால் ஒருவருக்கும் பத்தாது.

யாருக்குத் திறந்தாலும் வேலுச்சாமியின் வாக்குப் பொய்யாகும். திறக்காவிட்டாலும் பொய்தான். சாவியை வைத்துக்கொண்டு அவர் மழையில் நின்றார்.

சொல்லுங்கள்: அந்த நெருப்பு யாருக்குச் சேர வேண்டும்? அதை முடிவு செய்ய வேண்டியவர் யார்?

விடை: தெய்வானை சொன்னது நியாயம்தான். ஆனால் அவள் பசுவின் சாணம் இன்னும் வாயுவாகவில்லை. உள்ளே இருந்தது முத்துராக்குவின் மாடு தந்த சாணம், சவரியம்மாள் சுமந்த தண்ணீர். ஆகவே நெருப்பு அந்த இருவருடையது, முடிவும் அவர்களுடையது. வேலுச்சாமியிடம் இருந்தது சாவி மட்டுமே. முத்துராக்கு காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்த்தாள். "அவனுக்கே வச்சுக் குடு" என்று சொல்லிவிட்டு, கணவனுக்குக் குளிர்ந்த தண்ணீரில் அவல் நனைக்கப் போனாள். பிள்ளை கஞ்சி குடித்தான். தெய்வானை தன் கம்பளியைப் பசுவின் மேல் போர்த்திவிட்டு அதன் அருகில் உட்கார்ந்தாள். அதற்கு மேல் செய்ய அவளிடம் எதுவும் இல்லை.