குழலுக்கு எழுந்த பந்தி

மலையேறிச் சாமி கும்பிட வருகிறவர்களுக்கு மத்தியானச் சோறு போடும் மடம் ஒன்று அடிவாரத்தில் இருந்தது. வடிவம்மை என்ற துறவி அதை நடத்தி வந்தார். அவருக்கு வயது நாற்பதுதான். அவருடைய சீடர் குழந்தைவேலுவுக்கு அறுபத்திரண்டு.

குழந்தைவேலு ஊர் ஊராகக் கச்சேரி செய்த புல்லாங்குழல்காரர். மனைவி இறந்த பிறகு கைதட்டல் எதுவும் காதில் ஏறவில்லை. ஒருநாள் மடத்துக்கு வந்து, “ஏதாவது வேலை கொடுங்கம்மா” என்று நின்றார்.

“பந்தி நடக்கும்போது வாசிங்க,” என்றார் அம்மை.

அதுவே அவருடைய வேலையாயிற்று.

பங்குனித் திருவிழா வந்தது. பந்திக்கு நூறு இலை. வெளியே வரிசை, பாலம்வரை நீண்டு வெயிலில் கிடந்தது. சமையல்காரர் சங்கரபாண்டி குழந்தைவேலுவிடம் வந்து காதோடு சொன்னார்.

“அண்ணே, கொஞ்சம் வெரசா வாசிங்களேன். சாப்பிடுற கையும் வெரசாப் போகும்.”

குழந்தைவேலு சிரித்துக்கொண்டார். ஆனாலும் வாசித்துப் பார்த்தார். கதனகுதூகல ராகத்தை எடுத்துத் துள்ளவிட்டார். கொஞ்ச நேரத்தில் கைகள் இலைக்கும் வாய்க்குமாகப் பறந்தன. தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார்கள். சாம்பார் வாளி திரும்பி வருவதற்குள் ரசத்துக்குக் குரல் எழுந்தது. வழக்கமாக நாலு பந்தி நடக்கும் நேரத்தில் அன்றைக்கு ஐந்து நடந்தது.

மறுநாள் வேண்டுமென்றே ஒரு பந்திக்கு மட்டும் ஆனந்தபைரவியை நிதானமாக இழைத்தார். அதே சோறு, அதே பாயசம். மோரை வாய் வாயாக உறிஞ்சினார்கள். அப்பளத்தைக்கூட அவசரப்படாமல் நொறுக்கினார்கள். இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று கேட்டு வாங்கினார்கள்.

குழந்தைவேலுவுக்கு உள்ளூர ஒரே குதூகலம். கச்சேரியில் தலைதான் ஆடும். இங்கே வயிறே ஆடுகிறது. நாலாம் நாள் வேகப் பந்தி ஒன்று முடிந்ததும் அம்மையிடம் போனார்.

“அம்மா, ஒரு சந்தேகம். மனுஷன் பசிக்குச் சாப்பிடுறானா, பாட்டுக்குச் சாப்பிடுறானா?”

அம்மை எழுந்தார். அவரைச் சமையல்கட்டுக்குப் பின்புறம் அழைத்துப் போனார். எச்சில் இலைகள் குவிந்து கிடந்தன. இரண்டு பசுக்கள் காத்து நின்றன.

“இலையைப் பிரிச்சுப் பாருங்க.”

குழந்தைவேலு குந்தி உட்கார்ந்து பிரித்தார். முதல் நாலைந்து இலைகள் துடைத்துவிட்டாற்போல் இருந்தன. ஆறாவதில் ரசம் சோறு பாதி அப்படியே இருந்தது. இன்னொன்றில் பாயசம் முந்திரியோடு கலையாமல் நின்றது. ஒரு இலையில் சோற்றைக் குழையப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி வைத்திருந்தது. பல் இல்லாத யாரோ ஒருவருடைய இலை. நாலு உருண்டை உள்ளே போகவே இல்லை.

“ருசி பிடிக்கலையோ?” என்றார் குழந்தைவேலு.

“பக்கத்து இலை மூடினா நம்ம இலையையும் மூடிடுவோம். எல்லாரும் எழுந்திருக்கும்போது தனியா உட்கார்ந்து சாப்பிட யாருக்கும் கூச்சமாத்தானே இருக்கும்?”

குழந்தைவேலு அந்த உருண்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இலைகளை மறுபடி மடிக்க அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாள் எல்லாப் பந்திக்கும் மெதுவாக வாசித்தார். இலைகள் சுத்தமாக வந்தன. நிம்மதியாக வாசலுக்கு வந்தவர், வரிசையில் ஒரு கர்ப்பிணிப் பெண் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தார். அம்மை பானையைச் சுமந்துகொண்டு அவளுக்கும் மற்றவர்களுக்கும் நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

குழந்தைவேலு கூடவே நடந்தார்.

“வேகமா வாசிச்சா உள்ளே இருக்கிறவங்க வயிறு காயுது. மெதுவா வாசிச்சா வெளியே நிக்கிறவங்க வயிறு காயுது. எந்த வேகத்துலதான் வாசிக்கிறது? நீங்களே சொல்லிடுங்கம்மா.”

“வாசிக்கும்போது எங்கே பார்ப்பீங்க?”

“கண்ணை மூடிக்குவேன். அப்பத்தான் ராகம் வரும்.”

“நாளைக்குத் திறந்து வச்சுக்கோங்க,” என்று சொல்லிவிட்டு அம்மை அடுத்த டம்ளருக்குச் சாய்த்தார்.

மறுநாள் கண்ணைத் திறந்தபடி வாசிக்க உட்கார்ந்தார். முதலில் விரல் தடுமாறியது. நாற்பது வருஷத்தில் தான் வாசிக்கும்போது எதிரே இருக்கும் முகங்களை அவர் பார்த்ததே இல்லை.

மூலையில் பல் போன ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கவளத்தையும் ஈறால் மென்று முடிக்க நேரம் பிடித்தது. சுற்றி இருந்தவர்கள் ரசத்துக்குப் போனபோது அவர் சாம்பாரைத் தாண்டவில்லை. குழந்தைவேலு ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நீட்டினார். பந்தியின் கைகள் தணிந்தன. தாத்தா ரசத்துக்கு வந்தார். மறுகோடியில் நாலு பேர் வெறும் இலையை வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். தாத்தா மோரைக் குடித்து முடிக்கும் தறுவாயில் குழந்தைவேலு வாசிப்பை முடுக்கினார். பேச்சு நின்றது. நூறு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். வெளியே வரிசை நகர்ந்தது.

அந்தப் பந்தியில் சாப்பிட்ட ஒருவர் கை கழுவிவிட்டு அவரிடம் வந்தார்.

“நீங்க குழல் குழந்தைவேலுதானே? உங்க கச்சேரி நிறையக் கேட்டிருக்கேன். வயசாயிடுச்சு போல. காலப்பிரமாணமே நிக்கலையே. இழுக்கிறீங்க, ஓடுறீங்க...”

குழந்தைவேலு கும்பிட்டு அனுப்பினார். சாயங்காலம் அம்மை பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் அவரும் ஒரு அண்டாவைப் பிடித்துக் கவிழ்த்தார்.

“இன்னிக்கு என் வாசிப்பு சரியில்லையாம், அம்மா.”

“யார் சொன்னாங்க?”

“சங்கீதம் தெரிஞ்சவர் ஒருத்தர்.”

“மூலையில இருந்த தாத்தா என்ன சொன்னார்?”

“அவர் ஒண்ணும் சொல்லலை. ரெண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கினார்.”

“அப்ப அவருக்கும் சங்கீதம் தெரிஞ்சிருக்கு,” என்றார் அம்மை.