வகிடு எந்தப் பக்கம்

"சிஸ்டர், இனிமே நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகலை" என்றாள் செல்வதங்கம்.

மரகதம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

செல்வதங்கத்துக்கு வயது கூடுதல். ஆனால் அவள் ஜெபம் பண்ணப் படித்தது மரகதத்திடம்தான். அதனால் செல்வதங்கம் மரகதத்தை சிஸ்டர் என்பாள், மரகதம் அவளை அக்கா என்பாள்.

செல்வதங்கமே சொன்னாள். பெண்கள் வார்டில் முப்பிடாதி என்று ஒருத்தி கிடக்கிறாள். சோறு வடிக்கும்போது கொதிகஞ்சி கவிழ்ந்து ரெண்டு கையும் வெந்துபோனது. முழங்கை வரைக்கும் கட்டு. நாலு வயதில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறது. அதைக் கூட்டிக்கொண்டு வரவே கூடாது என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளை வீட்டில் சரியாகச் சாப்பிடாமல் அழுகிறதாம்.

அவள் மனசு இளக வேண்டும் என்று செல்வதங்கம் தினமும் அவள் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினாள். கண்ணீரோடு பண்ணினாள். வார்டில் மற்றவர்கள் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள். முப்பிடாதி மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒரு ஆமென் வரலை, சிஸ்டர். என் ஜெபத்துல பெலன் இல்லையா, இல்ல பெத்தவ மனசுதான் கல்லாப் போச்சா? அதை மட்டும் சொல்லுங்க."

மரகதம் ஒரு காம்பை உருவி ஓரமாகப் போட்டாள்.

"அவ வகிடு எந்தப் பக்கம் எடுப்பா?"

செல்வதங்கத்துக்கு விளங்கவில்லை.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தலையில கை வச்சுத்தானேக்கா ஜெபம் பண்ணுறீங்க?"

"ஆமா."

"தலை எப்படி இருக்கு?"

ஜெபத்தில் கண்ணை மூடியிருந்தேன் என்று சொல்ல வந்தாள். அப்புறம் யோசித்தாள். கைக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. கயிறு மாதிரி ஒரே சிக்கு. விரல் உள்ளே போகாது. என்னமோ ஊர்ந்த மாதிரியும் இருந்தது.

மரகதம் எழுந்து உள்ளே போனாள். ஒரு மஞ்சப்பையோடு வந்தாள். அதில் ஒரு சீப்பு, ஒரு பேன் சீப்பு, சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெய்.

"நாளைக்கு இதைக் கொண்டு போங்க. பைபிள் வீட்டுல இருக்கட்டும்."

"அப்ப ஜெபம்?"

மரகதம் கீரைக்குத் திரும்பிவிட்டாள்.

*

மறுநாள் மத்தியானமே செல்வதங்கம் போனாள். வாசலில் இருந்த காவலாளிக்கு அவளைத் தெரியும். ஜெபக்கார அம்மா என்று விட்டுவிட்டார்.

பக்கத்துக் கட்டிலில் கால் எலும்பு உடைந்து ஒருத்தி படுத்திருந்தாள். வாய் மட்டும் உடையவில்லை. இன்றைக்கு மைக் செட் சீக்கிரமே வந்துவிட்டதே என்றாள்.

முப்பிடாதி சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

செல்வதங்கம் கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பையைப் பிரித்தாள். கையில் எண்ணெய் ஊற்றினாள். ஜெபத்துக்கு எத்தனையோ வார்த்தை வரும் அவளுக்கு. இப்போது ஒன்றும் வரவில்லை.

"வகிடு எந்தப் பக்கம் எடுப்பே?"

முப்பிடாதி மெதுவாகத் திரும்பினாள். முதலில் சீப்பைப் பார்த்தாள். அப்புறம்தான் செல்வதங்கத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"நடுவுல" என்றாள்.

அவள் குரலை செல்வதங்கம் அன்றைக்குத்தான் கேட்டாள்.

நர்ஸம்மா வந்து, கைக்கட்டு மேல் எண்ணெய் பட்டால் பிய்த்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்துக் கட்டில்காரி ஒரு பழைய துண்டைத் தூக்கிப் போட்டாள். அதை முப்பிடாதியின் மடியில் விரித்து, கட்டுப் போட்ட கையை மூடினார்கள்.

சிக்கு லேசில் விடவில்லை. நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. இழுத்தபோது முப்பிடாதி ஸ்ஸ் என்றாள். பேன் சீப்பு போட்டபோது செல்வதங்கம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் போட்டாள். அரிக்குமே, எப்படித் தாங்கினாய் என்று கேட்டாள். சுவரில் தேய்த்துக்கொள்வேன் என்றாள் முப்பிடாதி.

செல்வதங்கத்தின் கை நின்றது. சுவரைப் பார்த்தாள். அந்த இடத்தில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது.

தலையை வாரிவிட ஆள் இல்லையா என்று கேட்டாள். நாத்தனார் காலையில் வந்து இட்லி ஊட்டிவிட்டு பீடிக் கம்பெனிக்கு ஓடிவிடுவாளாம். அவளுக்கு அதற்கே நேரம் சரியாக இருக்கும். பாவம், அவளை எப்படிக் கேட்பது என்றாள் முப்பிடாதி. புருஷன் ஒருநாள் வாரப் பார்த்து, முடியைக் கொத்தாகப் பிய்த்துவிட்டாராம். சொல்லும்போது சிரித்தாள்.

பாதி சிக்கு எடுத்த பிறகுதான் பிள்ளையின் பேச்சு வந்தது. அதுவும் கேட்காமலே வந்தது.

பிள்ளை பேர் கோமு. முதல் வாரம் அப்பாவோடு வந்ததாம். தலைவிரி கோலமாக, கையில் கட்டோடு இவள் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு வீல் என்று கத்தி, அப்பா வேட்டிக்குள் ஒளிந்துகொண்டதாம்.

"இது எங்கம்மா இல்லைன்னுட்டு, அக்கா. தூக்கி சமாதானம் பண்ணவும் கை இல்ல."

அதற்கப்புறம்தான் கூட்டி வர வேண்டாம் என்றாளாம்.

செல்வதங்கம் நடுவகிடு எடுத்தாள். அது கோணிப்போனது. அழித்துவிட்டு மறுபடியும் எடுத்தாள். இறுக்கிப் பின்னினாள்.

சாயந்திரம் புருஷன் தூக்குவாளியோடு வந்தார். வார்டு வாசலிலேயே நின்றார். கட்டிலைப் பார்த்தார். முப்பிடாதி அவரைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். அவர் உள்ளே வரவில்லை. வாளியை ஜன்னலில் வைத்துவிட்டு வந்த வழியே வேகமாகப் போனார்.

அவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் வரைக்கும் முப்பிடாதி சாய்ந்துகூடப் படுக்கவில்லை. முடி கலைந்துவிடுமாம். மறுபடியும் கத்தினால் என்ன செய்வது என்று ஒரே ஒருதடவை கேட்டாள். செல்வதங்கம் அவள் பின்னலைத் தடவிச் சரிபண்ணினாள்.

பிள்ளை அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தது. வாசலிலேயே நின்றுகொண்டது. கட்டைப் பார்த்தது. முகத்தைப் பார்த்தது. தலையைப் பார்த்தது. கால் உடைந்தவள்கூட முழங்கையை ஊன்றி எட்டிப் பார்த்தாள்.

முப்பிடாதி கூப்பிடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளை அப்பாவின் விரலை விட்டது. கட்டில் வரைக்கும் நடந்து வந்தது. அண்ணாந்து பார்த்தது.

"பூ எங்கேம்மா?" என்றது.

முப்பிடாதிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

செல்வதங்கம் எழுந்து வெளியே போனாள்.

அவர்கள் சபையில் பெண்கள் பூ வைப்பதில்லை. ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து அவள் பூவைக் கையால் தொட்டதும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் பூக்காரியின் கூடைக்கு முன்னால் நின்றபோது, தெரிந்த முகம் ஏதாவது வருகிறதா என்று ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தாள். பூக்காரி அவளுடைய மூளிக் காதையும் வெறுங்கழுத்தையும் பார்த்துவிட்டு, யாருக்கு என்று கேட்டாள்.

"வீட்டு ஆளுக்குத்தான்" என்றாள் செல்வதங்கம்.

ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கிக்கொண்டு வந்தாள். பக்கத்துக் கட்டில்காரி தன் தலையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். பிள்ளை கட்டில் மேல் ஏறி நின்று, இங்கே, இன்னும் கொஞ்சம் மேலே என்று இடம் காட்டியது. செல்வதங்கம் அந்த இடத்தில் குத்தினாள். பிள்ளை குனிந்து மோந்து பார்த்தது. அப்படியே அம்மாவின் கழுத்தில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது.

அப்புறம் தூக்குவாளியைத் திறந்தார்கள். அப்பா ஒரு வாய் பிள்ளைக்கும் ஒரு வாய் அம்மாவுக்குமாக ஊட்டினார்.

*

அன்றைக்குச் சாயந்திர ஜெபத்துக்கு செல்வதங்கம் பிந்திப் போனாள். பெண்கள் எல்லாரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்தாள்.

வாசம் அவளுக்கு முன்னாலேயே போய்விட்டது. பக்கத்தில் இருந்தவள் திரும்பி இவள் தலையைப் பார்த்தாள். தலையில் ஒன்றும் இல்லை. கையைப் பார்த்தாள்.

செல்வதங்கம் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். எழுந்து, ஜெபம் நடத்த முன்னால் நின்ற மரகதத்திடம் போய் மெதுவாகச் சொன்னாள்.

"சிஸ்டர், கையெல்லாம் பிச்சி வாசம். பேன் சீப்பு போட்டது வேற. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்துடுறேன்."

மரகதம் அவள் கையை எடுத்துப் பார்த்தாள். நகத்துக்குள் எண்ணெய் இருந்தது.

"கழுவாதீங்கக்கா" என்றாள். "முன்னால வந்து உட்காருங்க. இன்னைக்கு ஜெபத்தை நீங்க ஆரம்பிங்க."