கழுவி வந்த கால்

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் முழுக்க இஞ்ஞாசி உபதேசியாருக்கு வயிறு எரிந்தது. ஒருசந்தி நோன்பு இருந்ததால் வந்த எரிச்சல் இல்லை. அந்தப் பசியெல்லாம் அவருக்குப் பழக்கம். இது தொம்மையால் வந்த எரிச்சல்.

அது கடற்கரையில் ஒரு கத்தோலிக்கப் பங்கு. பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுப்பதும், சாவு வீட்டில் முன்னால் நிற்பதும், பூசையில் சாமியாருக்குக் கைகொடுப்பதும் இஞ்ஞாசிதான். பெரிய வியாழன் சாயங்காலம், சேசுநாதர் தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் ஊரில் பன்னிரண்டு ஆண்களை உட்காரவைத்துப் பாதம் கழுவுவார். அப்போது தண்ணீர் விழும் பேசனைப் பிடிப்பவரும் இஞ்ஞாசியே. மீசை முளைத்த நாள்தொட்டு மீசை நரைத்த நாள்வரை ஊரார் காலுக்குப் பேசன் பிடித்தாயிற்று. அந்த நாற்காலியில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. அந்த ஏக்கத்தைப் பெண்டாட்டியிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

தொம்மையோ பெண்டாட்டி கழுத்துச் சங்கிலியை விற்றுக் குடித்துவிட்டு ஊரைவிட்டே ஓடியவன். எங்கெங்கோ திரிந்துவிட்டுச் தபசு தொடங்கும் சாம்பல் புதனன்று திரும்பி வந்தான். நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு கோயில் மூலையில் உட்கார்ந்து அழுதான். அவ்வளவுதான் அவன் செய்தது. அடுத்த ஞாயிறே இந்த வருசத்துப் பன்னிரண்டு பேர் பட்டியலைப் பங்குச்சாமியார் வாசித்தபோது தொம்மை பேரும் வந்தது.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழாமல் வேலை பார்த்த பிள்ளைக்கு என்ன?

பங்குச்சாமியார் வில்பிரட்டுக்கு இஞ்ஞாசியின் மகன் வயதுதான் இருக்கும். ஆனாலும் இஞ்ஞாசி அவரைத்தான் குருவாக ஏற்றிருந்தார். மாலைச் செபம் முடிந்ததும் அவரிடம் ஏதாவது சந்தேகம் கேட்பது வழக்கம். பெரிய வியாழனுக்கு முந்தின நாள் அவர் கேட்டது சந்தேகம் இல்லை, வழக்கு.

"சாமி, நான் என்ன குறை வச்சேன்?"

"ஒரு குறையும் இல்லையே."

"அப்ப தொம்மைக்குக் கிடைச்சது எனக்கு ஏன் கிடைக்கல?"

"நீரு ஒருநாளும் கேக்கலையே, உபதேசியாரே."

"இதெல்லாம் கேட்டா வாங்குறது? தகுதி பாத்துல்லா குடுக்கணும்!"

சாமியார் சிரித்தார். "பன்னிரண்டுல ஒருத்தரு காய்ச்சல்ல படுத்திருக்காரு. அந்த நாற்காலியில நீரு உக்காரும்."

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை. அது தொம்மைக்குப் பக்கத்து நாற்காலி.

அந்த ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. சாமியார் கழுவப்போகும் காலை யாரும் அழுக்கோடு கொண்டுபோக மாட்டார்கள். இஞ்ஞாசி வியாழன் மத்தியானமே கிணற்றடிக்குப் போய்விட்டார். குதிகாலைச் செங்கல்லால் தேய்த்தார். சோப்புப் போட்டார். நகம் வெட்டினார். துடைத்து, பவுடரும் பூசினார்.

"போதும்ங்க. சாமி கழுவுறதுக்கும் ஏதாவது மிச்சம் வைங்க" என்றாள் அவர் மனைவி மரியசெல்வம்.

"தொம்மைக்குப் பக்கத்துல உக்காரப்போறேன். ரெண்டு காலையும் ஊரு பாக்கட்டும்."

சாயங்காலம் கோயிலில் ஊர் பார்க்கத்தான் செய்தது. தொம்மை கூலிக்குக் கரைமடி வலை இழுத்துவிட்டு, கரையிலிருந்து நேராக ஓடி வந்திருந்தான். பாதமெல்லாம் மணல், செதில், படகுக் கீல். குதிகால் வயல்வெடிப்பாய்ப் பிளந்து கிடந்தது. இஞ்ஞாசி தன் வேட்டியை லேசாகத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

சாமியார் ஒவ்வொருவராய்க் கழுவிக்கொண்டு வந்தார். இஞ்ஞாசி முன்னால் முழந்தாளிட்டு, ஒரு கை தண்ணீர் விட்டார். துடைத்தார். குனிந்து முத்தம் கொடுத்தார். அடுத்த காலுக்கும் அப்படியே. இத்தனை வருச ஆசை, மூச்சு விடுவதற்குள் முடிந்துபோயிற்று.

தொம்மை காலை உள்ளே இழுத்துக்கொண்டான். "வேண்டாம் சாமி. நாறும்."

சாமியார் அந்தக் காலைப் பிடித்து வெளியே எடுத்தார். தண்ணீர் விட்டார், பேசன் கலங்கியது. பேசன் பிடித்த பையனிடம் வேறு தண்ணீர் கேட்டார். விரல் இடுக்கில் ஒட்டியிருந்த கீலை நகத்தால் சுரண்டினார். வெடிப்பில் வலிக்காமல் தேய்த்தார். பாட்டுக்காரர்கள் பாட்டை முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். தொம்மை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான்.

பக்கத்து நாற்காலியில் இஞ்ஞாசிக்கு உடம்பே பற்றி எரிந்தது. தொம்மையை எழுப்பி அடிக்கலாம்போல் இருந்தது. பூசை முடியும்வரை அவர் வாயில் ஒரு செபமும் வரவில்லை.

சனம் கலைந்ததும் சாமியார் முன் போய் நின்றார்.

"எனக்கு ஒரு கை தண்ணி. அவனுக்கு ரெண்டு செம்பு. இது நியாயமா, சாமி?"

"உம்ம கால் சுத்தமா இருந்துச்சே."

"சுத்தமா வந்தது குத்தமா?"

"குத்தம்னு நான் சொல்லலையே."

"இம்புட்டு நாளும் ஊழியம் பாத்ததுக்கு எனக்குத்தானே கூட வேணும்?"

சாமியார் பேசனைக் கழுவி, செம்பில் புதுத் தண்ணீர் மொண்டு வந்தார். அதே நாற்காலியைக் காட்டினார். இஞ்ஞாசி உட்கார்ந்தார். பூசை உடுப்பைக் கழற்றிவிட்ட சாமியார், தோளில் துண்டோடு அவர் முன் மறுபடியும் முழந்தாளிட்டார்.

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் கழுவுறேன். நீட்டும்."

இஞ்ஞாசி காலை நீட்டினார்.

"கால் வேண்டாம். அதை நீரே கழுவிட்டீரு."

"பின்ன எதை நீட்ட, சாமி?"

"கிணத்தடியில கழுவ முடியாம இங்க கொண்டுவந்தீரே, அதை."

தொம்மையின் நாற்காலிக்குக் கீழே மணலும் செதிலும் இன்னும் கிடந்தன. இஞ்ஞாசி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாமியார் செம்பைக் கீழே வைக்கவில்லை.