சோளக்குருவிகளின் ராஜா

பிள்ளைகளே, கருங்காலி மரங்கள் அடர்ந்த ஒரு காட்டை ஆணவம் பிடித்த சிங்கம் ஒன்று ஆண்டு வந்தது. அறுவடைக் காலம் வந்தால் சோளக்குருவிகள் கூட்டமாக அங்கே வந்து இறங்கும். எல்லாம் ஒரே ஆலமரத்தில்தான் அடையும். தங்களுக்கு மட்டுமே புரிகிற மொழியில் ஓயாமல் பேசும்.

சிங்கத்துக்கு அது பொறுக்கவில்லை. "மரத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைத்தால், தங்கள் பேச்சை மறந்து நம்மைப் போல ஆகிவிடும்" என்றது.

மந்திரி நரி, "அவர்கள் ராஜாவைப் பிடியுங்கள், மகாராஜா. அவன் சொன்னால் தாமே பிரிந்துவிடுவார்கள்" என்றது.

ராஜாவை அனுப்பச் சொல்லி ஆலமரத்துக்கு உத்தரவு வந்தது. குருவிகள் திகைத்தன. அவற்றுக்கு ராஜா என்று யாரும் இருந்ததில்லை. எதையும் எல்லாருமாகக் கத்தித் தீர்த்துக்கொள்வதுதான் வழக்கம். உடனே பறந்துவிடலாம் என்றால் குஞ்சுகளுக்கு இறகு முற்றவில்லை.

"அடேய் சிலும்பா, நீ போய் ராஜாவாக இரு" என்றது செம்பி அத்தை.

சிலும்பன் சரியான சாப்பாட்டு ராமன். "எனக்கு என்ன தெரியும், அத்தை?"

"தின்னத் தெரியுமே! ராஜாவுக்கு அது போதும். குஞ்சுகள் பறக்கும்வரை எதற்கும் ஆகட்டும் என்று சொல்."

"அப்புறம் என் கழுத்து?"

செம்பி அத்தை அதன் கழுத்து இறகைக் கோதிவிட்டது. சிலும்பன் இறகைச் சிலிர்த்துக்கொண்டு புறப்பட்டது.

நரி அதன் தலையில் மயிலிறகைச் செருகி, தினமும் அத்திப்பழம் ஊட்டியது. "குடிகளைப் பிரித்தாயிற்றா, ராஜா?"

"நல்ல நாள் பார்க்கிறார்கள், மந்திரியாரே. இன்னொரு பழம் கொடுங்கள்."

ஒரு காலையில் கூட்டம் முழுவதும் குஞ்சுகளோடு வானில் எழும்பியது. சிங்கம் சிலும்பனைப் பாதத்தால் அழுத்திப் பிடித்தது. "திரும்பி வரச் சொல்!"

சிலும்பன் தன் மொழியில் கத்தியது: "நிற்காதீர்கள், போங்கள்!"

ஒரு குருவியும் திரும்பவில்லை.

"ராஜாவின் சொல்லுக்கு இவ்வளவுதான் மதிப்பா?"

"எங்களுக்கு ராஜா ஏது, ஐயா? நீங்கள் ஒருவனைக் கேட்டீர்கள். சும்மா இருந்தவன் நான்தான். அனுப்பிவிட்டார்கள்."

சிங்கம் நரியின் பக்கம் திரும்பியது. "இத்தனை நாளும் யாருக்கடா பழம் ஊட்டினாய்?" என்று அறைய, அழுத்தியிருந்த பாதத்தையே ஓங்கியது. அந்த நொடியில் சிலும்பன் பறந்தது. தொப்பை கீழே இழுக்க, மூச்சு வாங்கக் கூட்டத்தைப் போய்ச் சேர்ந்தது. மயிலிறகு வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

"வந்துவிட்டாயா?" என்றது செம்பி அத்தை. "கடைசி வரிசையில் இடம் இருக்கிறது, போ."

நீதி: பிறர் சூட்டும் பட்டத்துக்குத் தங்கள் கூட்டத்தை விற்காதவர்கள் இருக்கும்வரை, அந்தக் கூட்டத்தை எந்த அரசாலும் கலைக்க முடியாது.