மொட்டைக் குழாயும் வெள்ளை வேட்டியும்

கல்குவாரி முதலாளி வீரபாகு வருவதற்கு முன்பே அவர் வண்டிச் சத்தம் வந்துவிடும். பைபாஸ் ஓரம் வண்டிகளுக்குப் புகைப் பரிசோதனை செய்யும் சகாயமேரி அன்றும் அந்தச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். கம்பெனி சைலன்சரை வீசிவிட்டு அவர் மாட்டியிருந்த மொட்டைக் குழாய் வழியே கரும்புகை கக்கிக்கொண்டே வண்டி வந்து நின்று அணைந்தது. வீரபாகு இறங்கினார்.

"புகையே இல்லைன்னு சர்டிபிகேட் போடு. இல்லேன்னா நாளைக்கு இந்த ஷெட் இருக்காது."

அவரை எதிர்த்த டயர் கடைக்காரரின் ஷெட் போன மாதம்தான் எரிந்திருந்தது. வரிசையில் நின்ற ஆட்டோக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

மேரி கேமராவை எடுத்தாள். "போட்டுடறேங்கய்யா. ஒரு போட்டோ மட்டும் வேணும். வண்டி ஓடுறப்ப நீங்க குழாய்க்குப் பின்னாடி நில்லுங்க. புகையில்லாத வண்டின்னு பார்த்ததும் தெரியும்."

முதலாளி மீசையை நீவிக்கொண்டு போய் நின்றார். டிரைவர் சாவியைத் திருகப் போனான்.

"டேய், நிறுத்துடா! கல்யாணத்துக்குப் போற வேட்டி, கரியாயிடும்!"

முதலாளி துள்ளி விலகினார்.

"அப்ப என்னன்னு போடட்டுங்கய்யா?" மேரி கேட்டாள்.

ஆட்டோக்காரர் ஒருவர் சிரித்தேவிட்டார். முதலாளி, கதவு பக்கத்திலேயே இருந்தும், குழாயைத் தாண்டப் பயந்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வண்டியை முன்பக்கமாகச் சுற்றிப்போய் ஏறினார்.