எந்தச் சாமிக்கு மொட்டை

“பழனியான்னு கேட்டா ஆமான்னு சொல்லிட்டுப் போனா என்னங்கம்மா?”

குழந்தைவேலுவுக்குப் பொறுக்கவில்லை. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தவமணி அம்மையாரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும் இருபது வருடமாக அவருக்குச் சீடர்.

அம்மையாருக்குப் புற்றுநோய். கல்லீரல் வரை பரவிவிட்டது. இரண்டாவது கீமோ முடிவதற்குள் முடி மொத்தமும் கொட்டிப்போயிற்று.

நம் ஊரில் மொட்டையைப் பார்த்தால் எந்தச் சாமிக்கு என்றுதான் கேட்பார்கள். அன்று அம்மையாரைப் பார்க்க அவர் குடிலுக்கு வந்த கரூர்க்காரப் பெண்மணி ஒருபடி மேலே போய், “துறவு வாங்கிட்டீங்களா தாயே” என்று காலிலேயே விழுந்துவிட்டார்.

“இல்லம்மா, கேன்சருக்கு மருந்து ஏத்துறாங்க. அதுல கொட்டிருச்சு,” என்று போட்டு உடைத்தார் அம்மையார்.

வந்தவர் வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டு மெல்ல நழுவிவிட்டார். அதில்தான் குழந்தைவேலுவுக்கு இத்தனை எரிச்சல்.

“பழனியில முடியை நாம கொடுக்கணுங்க,” என்றார் அம்மையார். “இது அதுவா எடுத்துக்கிட்டது.”

“வெளிய என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? ஊருக்குத்தான் உபதேசம்கிறாங்க.”

“சரியாத்தானே பேசுறாங்க.”

இப்படிப் பேசுகிறவரிடம் யார் மல்லுக்கட்டுவது? மூன்று மாதமாக நெஞ்சில் அடக்கி வைத்திருந்ததைக் குழந்தைவேலு கேட்டே விட்டார்.

“எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. குணமாகாது, சில மாசம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்னு டாக்டர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார். பிறகு எதுக்கு இந்த ஊசி? எதுக்கு இந்த வாய்ப்புண்ணும் வாந்தியும்?”

“மத்தியானம் சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன்.”

“ராத்திரி திரும்பப் பசிக்குமே?”

“பசிக்கும்.”

“பிறகு எதுக்குச் சாப்பிட்டீங்க?”

குழந்தைவேலுவுக்குச் சுர்ரென்று ஏறியது. மனுஷன் வயிறெரிந்து கேட்கும்போது விடுகதையா போடுவார்கள்?

“என் சம்சாரம் செத்து நான் கதறிக்கிட்டு வந்தப்ப, ‘விடுங்க’ன்னு ஒரே வார்த்தை சொன்னீங்க. அந்த வார்த்தையிலதான் நான் பொழச்சேன். இன்னிக்கு உங்க முறை வந்தா நீங்க விட மாட்டேங்கிறீங்க. அப்ப எனக்குச் சொன்னது பொய்யா?”

அம்மையார் வாயைத் திறந்தார். பதில் வரவில்லை, வாந்திதான் வந்தது.

குழந்தைவேலு ஓடிப்போய் வாளியை எடுத்து நீட்டினார். மறு கையால் அம்மையாரின் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

வயிற்றில் ஏதாவது இருந்தால்தானே வர? வெறும் பித்தநீர். அப்படியும் குடலைப் பிடுங்கிக்கொண்டு குமட்டியது. நெற்றி அனலாய்க் கொதித்தது. குழந்தைவேலுவின் கோபமெல்லாம் எங்கோ போய், பயம் மட்டும் மிச்சமிருந்தது.

ஒருவழியாக நின்றது. அம்மையார் வாய் கொப்பளித்துத் துடைத்துக்கொண்டார்.

“ஆச்சுங்க. விடுங்க.”

நெற்றியிலிருந்து கை நகரவில்லை.

“விடுங்கன்னா.”

“முடியலங்கம்மா,” என்றார் குழந்தைவேலு. அழுதுகொண்டிருந்தார்.

“எனக்கும்தாங்க,” என்றார் அம்மையார்.